தாகத்தில் பங்கு வாங்காதீர்கள்!

இந்தத் தடவை கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குச் சந்தை பற்றி நாலு புத்தகம் புரட்டிய எந்த மாணவனும் ஆறு மாதத்துக்குள் ஒரு வசனத்தைக் கேட்டே தீருவான். போன நூற்றாண்டில் எண்ணெய் எப்படியோ, இந்த நூற்றாண்டில் தண்ணீர் அப்படியாம். கூடவே ஒரு படம். பாளம் பாளமாக வெடித்துப்போன ஏரி, நடுவில் காலிக் குடத்தோடு ஒரு சிறுமி. அதற்குக் கீழே, "இந்தத் தண்ணீர் ஃபண்டில் பணம் போடுங்கள்" என்று ஒரு அழைப்பு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்க்கு இப்போது விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது!

நான் வணிகவியல் மாணவன். எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் டீமேட் கணக்கு இருக்கிறது. அவர்களில் சிலர், "மச்சி, இது எப்படிடா இறங்கும்? தண்ணி குடிக்காம எவனாவது இருப்பானா?" என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தான கேள்வி. கேண்டீனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் வாதத்தை நேர்மையாக எடுத்து வைப்போம்.

1. பூமியில் உள்ள தண்ணீரில் நன்னீர் சுமார் 2.5 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது.
2. மக்கள்தொகையும் நகரங்களும் தொழிற்சாலைகளும் பெருகிக்கொண்டே போகின்றன.
3. தண்ணீருக்கு மாற்று எதுவும் கிடையாது.
4. ஆகவே, தண்ணீர்ப் பங்குகள் ஏறும்.

முதல் மூன்றும் உண்மை. நாலாவதில் இருக்கிற அந்த "ஆகவே"தான் பொய். ஒரு பொருள் அரிதாகிவிட்டால் மட்டும் அதை விற்கிறவனுக்கு லாபம் கொட்டிவிடாது. விலையை ஏற்ற அவனுக்கு அனுமதி வேண்டும். குழாய்த் தண்ணீரில் அந்த அனுமதியைக் கொடுப்பது அரசாங்கம். அதற்குப் பணம் கட்டப் போவது, விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போக வழியில்லாத ஜனங்கள். ஒரு தெருவுக்கு ஒரு குழாய்தானே? எனவே குடிநீர் கம்பெனியின் பங்கை வாங்குகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, போக்கிடம் இல்லாதவனிடம் எவ்வளவு கறக்க அனுமதி கிடைக்கும் என்பதன் மேல்தான் பந்தயம் கட்டுகிறான். இதுதான் நான் சொல்ல வருவது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபண்டுக்குள் தண்ணீர் எங்கே?

தண்ணீர் ஃபண்டுகள் புதிய சரக்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் பிக்டே நிறுவனம் 2000-லேயே ஒன்றைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 2005 டிசம்பரில் பவர்ஷேர்ஸ் வாட்டர் ரிசோர்சஸ் என்ற இடிஎஃப் வந்தது. 2007-ல் இன்னும் சில. 2021-ல், வெளிநாட்டுத் தண்ணீர் ஃபண்ட் ஒன்றில் நம் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மியூச்சுவல் ஃபண்ட் இந்தியாவுக்கும் வந்தது.

சரி, இவற்றின் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? பம்பு செய்கிறவர்கள், குழாய் விற்கிறவர்கள், மீட்டர் செய்கிறவர்கள், ரசாயனம் விற்கிறவர்கள். நான் சொன்ன அந்த 2005 இடிஎஃப்பில் பல ஆண்டுகளாகப் பெரிய இடம் பிடித்த பெயர்களைப் பாருங்கள். ரோப்பர் என்ற கம்பெனி. அதன் கீழே தண்ணீர் மீட்டர் செய்கிற ஒரு நிறுவனம் உண்டு, ஆனால் ரோப்பரின் பெரும்பாலான தொழில் மென்பொருள். ஈக்கோலேப். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சுத்தம் செய்கிற சரக்குகள் விற்பது அதன் தொழிலில் பெரிய பகுதி. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வாட்டர்ஸ் கார்ப்பரேஷன்! பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது ஆய்வகங்களுக்கு குரோமட்டோகிராஃபி கருவிகள் செய்கிற கம்பெனி. அதன் முக்கிய வாடிக்கையாளர்கள் மருந்து கம்பெனிகள். வாட்டர்ஸ் என்பது அதை ஆரம்பித்த ஜேம்ஸ் வாட்டர்ஸ் என்பவரின் குடும்பப் பெயர். அந்தக் கருவியால் தண்ணீரையும் பரிசோதிக்கலாம் என்ற கணக்கில் உள்ளே வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் வாளி விற்கிற கடையையும் சேர்த்துக்கொள்ளலாமே!

இவையெல்லாம் மோசமான கம்பெனிகள் என்று நான் சொல்லவில்லை. பம்பு நல்ல தொழில், மீட்டரும் நல்ல தொழில். ஆனால் அவற்றின் பங்கு ஏறுவதும் இறங்குவதும் பொதுவாகத் தொழில்துறை எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. காலிக் குடம் வைத்திருக்கும் அந்தச் சிறுமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் படத்தைப் போட்டதற்குக் கூலி மட்டும் நாம் கொடுக்கிறோம். சந்தை முழுவதையும் வாங்குகிற சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுகள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவான கட்டணத்தில் கிடைக்கின்றன. தண்ணீர் என்று பெயர் வைத்த அந்த இடிஎஃப்புக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம்.

உடனே ஒருவர், "தி பிக் ஷார்ட் படத்துல வர்ற மைக்கேல் பரி தண்ணியிலதான முதலீடு செய்யறார்?" என்பார். 2015-ல் வந்த அந்தப் படத்தின் கடைசியில் அப்படி ஒரு வரி காட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவரே பிறகு பேட்டியில் விளக்கினார். தண்ணீரை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது கட்டுப்படியாகாது, அதனால் தண்ணீர் நிறைய உள்ள இடத்தில் விளைந்த உணவை, தண்ணீர் இல்லாத இடத்தில் விற்பதுதான் வழி என்றார். அதாவது அவர் பார்த்தது விவசாயத்தை.

அவர் சொன்னதில் ஒரு அடிப்படை உண்மை இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அந்த ஒரு டன்னின் விலை மிகக் குறைவு. எண்ணெயைக் கப்பலில் ஏற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனாலும் லாபம் நிற்கும். தண்ணீரை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதனால் தண்ணீருக்கு உலக விலை என்று ஒன்றே கிடையாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் சி.எம்.ஈ. சந்தை கலிஃபோர்னியா தண்ணீர் விலையை வைத்து முன்பேர ஒப்பந்தங்களைத் தொடங்கியது. தண்ணீர் உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பெத்ரோ அரோகோ கவலை தெரிவித்தார். இதில் கூத்து என்னவென்றால், அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கைமாறாது. முடிவில் பணத்தில்தான் கணக்குத் தீர்ப்பார்கள். அதற்கு ஆட்களும் பெரிதாக வந்து சேரவில்லை.

குழாயை வாங்கினால்?

"சரிப்பா, பம்பு கம்பெனி வேண்டாம். நேராகக் குடிநீர் வழங்குகிற கம்பெனியையே வாங்குகிறேன்" என்று சொல்லலாம். இதை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்த நாடு இங்கிலாந்து. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1989-ல் மார்கரெட் தாட்சர் அரசு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பத்துத் தண்ணீர் வாரியங்களையும் கம்பெனிகளாக்கிப் பங்குச் சந்தையில் விற்றது. விற்பதற்கு முன் அவற்றின் சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசே தள்ளுபடி செய்தது. போதாதென்று சுமார் 150 கோடி பவுண்டு கையிலும் கொடுத்தது. பெண்ணையும் கொடுத்து, சீரும் கொடுத்து, மாப்பிள்ளையின் பழைய கடனையும் அடைத்த மாதிரி! கடனே இல்லாமல் தொடங்கிய அந்தத் துறையின் கடன் பிறகு 6000 கோடி பவுண்டைத் தாண்டியது.

அதில் பெரியது லண்டனுக்கும் சுற்றுவட்டாரத்துக்குமான தேம்ஸ் வாட்டர். சுமார் 1.6 கோடி வாடிக்கையாளர்கள். முதலில் சந்தையில் இருந்தது, பிறகு ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. கைக்குப் போனது, 2006-ல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி தலைமையிலான முதலீட்டுக் குழு வாங்கியது. மெக்குவாரி 2017-ல் முழுவதுமாக வெளியேறியது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் கம்பெனியின் கடன் சுமார் 340 கோடி பவுண்டிலிருந்து 1000 கோடி பவுண்டுக்கு மேல் ஏறியது. டிவிடெண்டாக எடுத்தது சுமார் 270 கோடி பவுண்டு என்று பிரிட்டன் பத்திரிகைகள் கணக்குப் போட்டிருக்கின்றன.

"எங்கள் காலத்தில் 1100 கோடி பவுண்டு முதலீடு செய்தோமே" என்பது மெக்குவாரி தரப்பின் பதில். செய்தார்கள்தான். ஆனால் யாருடைய பணத்தில்? வாடிக்கையாளர் கட்டிய பில்லும், வாடிக்கையாளர் தலையில் ஏற்றிய கடனும்தானே அது! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள் எங்கள் பாட்டி.

பங்குதாரருக்கு இது எப்படி லாபமானது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் பில் நிச்சயமாக வரும் வருமானம். நிச்சயமான வருமானத்தைக் காட்டினால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். அந்தக் கடன் கையில் இருந்தால் தாராளமாக டிவிடெண்ட் கொடுக்கலாம். கடனை அடைப்பது நாளைக்கு வரப்போகிற முதலாளியும் இன்றைக்குப் பிறந்த குழந்தையும். விளம்பரத்தில் "தண்ணீருக்குத் தேவை குறையவே குறையாது" என்று சொல்கிறார்களே, அதற்கு நடைமுறையில் அர்த்தம் இதுதான். ஜனங்கள் ஓடிப்போக மாட்டார்கள், அதனால் அவர்களை அடமானம் வைக்கலாம்.

தண்ணீர் நிலைமை என்ன ஆனது? 2012 முதல் 2014 வரை சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விட்டதற்காக 2017-ல் தேம்ஸ் வாட்டருக்கு 2.03 கோடி பவுண்டு அபராதம். குழாய்க் கசிவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தண்ணீர் வீண். கிழக்கு லண்டனில் பெக்டன் என்ற இடத்தில் 25 கோடி பவுண்டு செலவில், நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனோடு, வறட்சிக்கென்றே ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையை 2010-ல் திறந்தார்கள். 2022-ல் நிஜமாகவே வறட்சி வந்தது. ஆலை ஓடவில்லை!

கடைசியில் மாட்டியது யார்?

பணக்காரர்கள் கொள்ளையடித்தார்கள், அவ்வளவுதான் என்று இதை முடித்துவிட முடியாது. மெக்குவாரி வெளியேறியபோது அதன் பங்குகளை வாங்கியவர்களில் கனடாவின் ஒன்டாரியோ உள்ளாட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி இருந்தது. அதுதான் பிறகு மிகப் பெரிய பங்குதாரர். அடுத்த இடத்தில், சுமார் ஐந்தில் ஒரு பங்கோடு, பிரிட்டன் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி. தண்ணீர் நிலையான தொழில், ஆடாது அசையாது என்று நம்பி வாங்கியவர்கள். நம் வகுப்பு மச்சியின் அதே வாதம்தான், கோட்டு சூட்டு மட்டும் போட்டிருந்தது.

2024 மார்ச்சில் தேம்ஸுக்கு மேலும் 50 கோடி பவுண்டு போட பங்குதாரர்கள் மறுத்துவிட்டார்கள். ஏப்ரலில் அதன் தாய்க் கம்பெனியான கெம்பிள் கடன் வட்டி கட்டத் தவறியது. இரண்டு ஓய்வூதிய நிதிகளும் தங்கள் முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டன. நன்றாகக் கவனியுங்கள், லண்டனில் யாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவில்லை. தேவை ஒரு சொட்டும் குறையவில்லை. பங்கு மட்டும் பூஜ்யம்!

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். 2024 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்வாட், 2030-க்குள் தேம்ஸ் பில்லை விலைவாசி உயர்வு போக 35 சதவீதம் ஏற்ற அனுமதித்தது. 2025-ல் கம்பெனி திவாலாகாமல் இருக்க 300 கோடி பவுண்டு வரை கடன் வாங்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வட்டி 9.75 சதவீதம்! அதே ஆண்டு மே மாதம் 12.27 கோடி பவுண்டு அபராதம். அதில் ஒரு பகுதி, கொடுக்கக் கூடாத டிவிடெண்டைக் கொடுத்ததற்காக. ஜூலையில் ஜான் கன்லிஃப் தலைமையிலான ஆணையம் ஆஃப்வாட்டையே கலைக்கச் சொன்னது, அரசும் சரி என்றது. காவல் காத்தவனையும் அனுப்ப முடிவெடுத்தாயிற்று. பில் கட்டுகிறவன் மட்டும் அங்கேயே நிற்கிறான்.

ஜெயித்தவர்களும் உண்டே?

உண்டு. மறைக்கவில்லை. அமெரிக்கன் வாட்டர் ஒர்க்ஸ் 2008 ஏப்ரலில் 21.50 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. அப்போது வாங்கி வைத்திருந்தவர்களின் பணம் பிறகு ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. ஆனால் எப்படி? அமெரிக்க மாநிலங்களில் ஒழுங்குமுறை ஆணையம், கம்பெனி போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் லாபம் எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்ணயிக்கிறது. ஆகவே முதல் பெருகப் பெருக லாபம் பெருகும், பில்லும் பெருகும். சின்னச் சின்ன ஊராட்சிகளின் குழாய்களை வாங்கிச் சேர்க்கச் சேர்க்க இன்னும் பெருகும். ஒழுங்காக நடத்துகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பங்குதாரரின் லாபம் முழுக்க முழுக்க ஆணையத்தின் பேனாவில் இருக்கிறது. வறட்சி வந்ததால் வந்த லாபம் இல்லை அது.

பேனா எழுதியதை ஜனங்கள் அழித்த கதையும் உண்டு. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத் தண்ணீரை 1999-ல் பெக்டெல் சார்ந்த ஒரு கூட்டு நிறுவனம் எடுத்தது. பில் எகிறியது. தெருவில் இறங்கிய ஜனங்களில் 17 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து. நஷ்ட ஈடு கேட்டுச் சர்வதேச மன்றத்துக்குப் போன வழக்கை 2006-ல் இரண்டு பொலிவியானோ காசுக்கு முடித்துக்கொண்டார்கள். எண்ணெய் எரிவாயுவில் கொழித்த என்ரான், அஸூரிக்ஸ் என்ற தண்ணீர் கம்பெனியை 1999-ல் 19 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருடம் தாங்கவில்லை. 8.375 டாலருக்குத் திரும்ப வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாரிஸ் 2010-ல் தண்ணீரை மாநகராட்சிக்கே திருப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டே விலையை 8 சதவீதம் குறைத்தது. பெர்லின், விற்ற பங்குகளை 2013-க்குள் திரும்ப வாங்கிவிட்டது.

நம் திருப்பூரில் நடந்தது

"தேவை குறையாது" என்ற மந்திரத்துக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. குடிநீர்த் துறையில் இந்தியாவின் முதல் பெரிய அரசு-தனியார் கூட்டுத் திட்டம் திருப்பூரில்தான் வந்தது. தமிழ்நாடு அரசு, ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய கம்பெனி. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005-ல் இயங்கத் தொடங்கியது. சாயப்பட்டறைகளுக்கு அதிக விலை, வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலை. காகிதத்தில் பிரமாதமான கணக்கு.

2011 ஜனவரியில் நொய்யல் மாசுபட்ட வழக்கில், சாயக்கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. தண்ணீர் விற்பனை சரிந்து கம்பெனி கடனில் தத்தளித்தது. மறுபடி திறந்த பட்டறைகள் கழிவுநீரின் பெரும்பகுதியைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம். ஆற்றுக்கு நல்லது, விவசாயிக்கு நல்லது, திருப்பூருக்கு நல்லது. தண்ணீர் விற்கிற கம்பெனிக்கு? ஒரு லிட்டர் திரும்பப் பயன்பட்டால் ஒரு லிட்டர் விற்பனை போச்சு!

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு உண்மையான மருந்துகள் என்ன? சிக்கனம், மறுபயன்பாடு, ஏரி தூர்வாருதல், மழைநீர் சேகரிப்பு. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதற்கு எந்தச் சந்தையில் பங்கு இருக்கிறது? தண்ணீர் விற்று லாபம் பார்க்க நினைக்கிற முதலீட்டாளன், ஊர் திருந்தினால் நஷ்டப்படுகிற இடத்தில் போய் உட்காருகிறான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் பணம் தாகத்தின் பக்கம் நிற்கிறது.

"அப்ப குழாய் யார் போடறது?"

நல்ல கேள்வி. அரசாங்கம் யோக்கியம் என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, மொத்த நகரமும் லாரிக்குப் பின்னால் ஓடியதை மறக்க முடியுமா? குழாய் இல்லாத ஏழைதான் ஒரு குடத்துக்கு அதிகக் காசு கொடுக்கிறான் என்பதும் உண்மை. குழாய் போடப் பணம் வேண்டும், கடன் வாங்கித்தான் போட வேண்டும். அதற்கு நம் சேமிப்பு போவதில் தப்பே இல்லை.

ஆனால் பங்கு வேறு, கடன் பத்திரம் வேறு. கடன் பத்திரம் வாங்கியவனுக்கு, சொன்ன வட்டி சொன்ன தேதியில். அவ்வளவுதான். பில்லை ஏற்றினாலும் அவனுக்கு ஒரு பைசா கூடக் கிடைக்காது. அதனால் ஏற்றச் சொல்லி நெருக்க அவனுக்குக் காரணம் இல்லை. தேம்ஸும் கடன்தானே வாங்கியது என்பீர்கள். அங்கே கடன் சுமை ஏறிக்கொண்டிருந்தபோதே டிவிடெண்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது. மாநகராட்சியில் டிவிடெண்ட் வாங்க ஆளே கிடையாது. அங்கேயும் பணம் வீணாகலாம், ஆனால் யார் வீணாக்கினார்கள் என்று ஓட்டுப் போடுகிறவன் கேட்கலாம்.

இது கனவும் இல்லை. 2002-03-லேயே தமிழ்நாட்டில் 13 சிறு நகராட்சிகளுக்காக ஒரு கூட்டு நிதி அமைத்து, தண்ணீர், கழிவுநீர் வேலைகளுக்கு 30.41 கோடி ரூபாய்க்கு 15 வருடக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். தனியாகப் போனால் எவனும் கடன் கொடுக்காத ஊர்கள், சேர்ந்து போய் வாங்கின. 2021-ல் காசியாபாத் மாநகராட்சி, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க 150 கோடி ரூபாய் பத்திரம் வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி 244 கோடி ரூபாய் பத்திரத்தைப் பொதுமக்களுக்கே விற்றது. நர்மதைத் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவரும் மின்செலவைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பதற்காக. முதலில் கேட்ட அடிப்படைத் தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பணம் வந்து குவிந்தது. வட்டி 8.25 சதவீதம். லண்டன் தண்ணீர் கம்பெனி 9.75-க்கு வாங்குகிறது, இந்தூர் மாநகராட்சி 8.25-க்கு வாங்கியது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கடைசியாக

பணம் போடவே கூடாது என்று யாரையும் தடுக்கவில்லை. தண்ணீர் என்ற பெயரில் எதை நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கிற கம்பெனி தண்ணீர் விற்கிறதா, பம்பு விற்கிறதா? தண்ணீர் என்றால், விலையை ஏற்ற யாருடைய கையெழுத்து வேண்டும்? அந்த ஊர் நாளைக்குத் தண்ணீரைச் சிக்கனப்படுத்தினால் எனக்கு லாபமா, நஷ்டமா?

பம்பு கம்பெனி என்றால், அதைப் பம்பு கம்பெனியாகவே எடை போட்டு வாங்குங்கள். ஊர்க் குழாய்க்கு உதவ ஆசை என்றால் மாநகராட்சிப் பத்திரம் வரும்போது, அதன் தர மதிப்பீட்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். "நான் ஒருத்தன் வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒன்டாரியோ ஊழியரும் பிரிட்டிஷ் பேராசிரியரும் ஒவ்வொருவராகச் சேர்த்த பணம்தான் அங்கே மலையாகக் குவிந்து, 1.6 கோடிப் பேரின் குழாய்மேல் உட்கார்ந்து, கடைசியில் அவர்களுக்கே பூஜ்யமாகப் போனது.

பில் கட்டுகிறவனுக்கும் நஷ்டம், பங்கு வைத்திருந்தவனுக்கும் நஷ்டம். நடுவில் வந்து நேரத்தில் இறங்கிப் போனவனுக்கு மட்டும் லாபம். அப்படி ஒரு தொழிலை "நிலையான வருமானம்" என்று உங்களிடம் யாராவது விற்க வந்தால், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். காசு வாங்காமல் :-)